கப்பலில் இறங்கிய ராக்கெட்டும் கொதிக்கும் ஹைட்ரஜனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஐயா, நம்ம ராக்கெட்டின் பாகம் புதுச்சேரியில் வலையில் மாட்டியது. அமெரிக்கக்காரர் மட்டும் எப்படி அதைக் கப்பலில் இறக்குகிறார்கள்? (மீனவர், தேவனாம்பட்டினம்)

2019 டிசம்பரில் வம்பாகீரப்பாளையம் மீனவர்கள் கரைக்கு இழுத்து வந்தது பிஎஸ்எல்வியின் பக்கவாட்டு மோட்டார். அதில் இருப்பது திட எரிபொருள். பற்ற வைத்தால் தீரும் வரை எரியும். நடுவில் அணைத்து மறுபடி பற்றவைக்க வழியில்லை. அதனால் மெதுவாக இறக்கவும் முடியாது.

ப்ளூ ஆரிஜின் கம்பெனியின் நியூ கிளென் ராக்கெட்டில் கீழ் அடுக்கு முழுவதும் திரவ மீத்தேனும் திரவ ஆக்சிஜனும்தான். ஏழு எஞ்சின்கள். திரவ எரிபொருள் என்பதால் அணைத்து மறுபடி பற்றவைக்கலாம். 2025 ஜனவரி 16 அன்று முதல் பயணத்திலேயே சுற்றுப்பாதையை எட்டிவிட்டது, ஆனால் கீழ் அடுக்கு இறங்கும் வழியிலேயே போய்விட்டது. நவம்பர் 13 அன்று இரண்டாம் பயணம். செவ்வாய்க்குப் போகும் இரண்டு சிறு கலங்களை மேலே அனுப்பிவிட்டு, கீழ் அடுக்கு அட்லாண்டிக்கில் காத்திருந்த ஜாக்லின் கப்பலில் நின்றது. அந்தக் காணொலியைப் பாருங்கள்: நேராகக் கப்பல் மேல் வராமல், சற்றுத் தள்ளி வந்து, அந்தரத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து அப்புறம்தான் இறங்குகிறது. எஞ்சின் மக்கர் பண்ணினால் கடலில் விழட்டும், கப்பலாவது தப்பட்டும் என்ற கணக்கு. இரண்டாவது முயற்சியிலேயே இது கைகூடியது பெரிய விஷயம். ஸ்பேஸ்எக்ஸ் 2016-லேயே கடலில் மிதவை மேல் இறக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ப்ளூ ஆரிஜின் கம்பெனியின் நிலவுக் கலம் ஹைட்ரஜனில் ஓடுமாமே? சந்திரயான்-3இன் விக்ரம் கலம் அப்படி இல்லையே, ஏன்? (பிளஸ் டூ மாணவி, வில்லியனூர்)

நல்ல கேள்வி கேட்டாய் அம்மா. இந்த மாதம் வந்த கடிதங்களில் விஷயத்தின் மையத்தைத் தொட்டது இதுதான்.

விக்ரமும், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் அப்பல்லோ கலங்களும் நிலவில் இறங்கியது சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் எரிபொருளில். தொட்டியில் எத்தனை நாள் வைத்தாலும் இருக்கும், எரிபொருளும் அதை எரிக்கும் திரவமும் ஒன்றோடொன்று பட்டாலே பற்றிக்கொள்ளும். நம்பகமானது, ஆனால் எடைக்கேற்ற உந்துதல் குறைவு. ஹைட்ரஜன் கொடுக்கும் உந்துதல் அதைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதனால்தான் தங்கள் சரக்குக் கலமான ப்ளூ மூன் மார்க் 1 ஒரே ஏவுதலில் 3 டன் சரக்கை நிலவில் வைக்கும் என்று ப்ளூ ஆரிஜினால் திட்டம் போட முடிகிறது. விக்ரம், உள்ளே இருந்த பிரக்யான் ஊர்தியோடு சேர்த்தே 1,752 கிலோதான்.

சிக்கல் குளிரில் இருக்கிறது. ஹைட்ரஜன் திரவமாக இருக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும். கடலூர் துறைமுகத்தில் ஐஸ் போட்டு ஏற்றும் மீன் பெட்டி மாதிரிதான்: எவ்வளவு மூடினாலும் சூடு உள்ளே கசியும், வழி நீள நீள ஐஸ் கரையும். ஹைட்ரஜன் ஆவியானால் தொட்டியில் அழுத்தம் ஏறும், அதை வெளியே விட்டாக வேண்டும், விட்டால் எரிபொருள் போச்சு. சந்திரயான்-3ஐ ஏற்றிய எல்விஎம்-3 ராக்கெட்டிலும் மேல் அடுக்கு ஹைட்ரஜன்தான், ஆனால் சுமார் 16 நிமிடத்தில் அதன் வேலை முடிந்துவிட்டது. நிலவுக் கலமோ பல நாள் வெயிலில் பயணம் செய்து, கடைசி நிமிடங்களில் எஞ்சினைப் பற்றவைக்க வேண்டும். ஆட்களை ஏற்றும் மார்க் 2-க்கு நிலவைச் சுற்றும் பாதையிலேயே எரிபொருள் நிரப்ப வேண்டும் என்பதால், தொட்டியைக் குளிர்விக்கும் கருவியையே கலத்தோடு அனுப்பத் திட்டமிடுகிறார்கள்.

கப்பலில் ராக்கெட் இறங்கியதை எல்லோரும் கொண்டாடினார்கள், நானும்தான். ஆனால் இந்தக் கம்பெனி நிலவில் நிலைக்குமா என்பதை முடிவு செய்யப்போவது இந்தக் குளிர் சமாச்சாரம். அது கைவந்தால் இன்னொரு கதவும் திறக்கும்: துருவப் பள்ளங்களில் உள்ள பனிக்கட்டியைப் பிரித்தால் கிடைப்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தானே.

நிலவுக்குப் போகும் தனியார் கலங்கள் கவிழ்ந்து விழுவது ஏன்? (ஆசிரியர், நெய்வேலி)

எல்லாம் விழவில்லை சார். 2025 மார்ச் 2 அன்று ஃபயர்ஃப்ளை கம்பெனியின் ப்ளூ கோஸ்ட் நிமிர்ந்து இறங்கியது. குட்டையான, அகலமான கலம். சாய்ந்த ஒடிசியஸ் (2024), அதீனா (2025) இரண்டும் உயரமானவை. இரண்டிலும் உயரம் அளக்கும் லேசர் கருவி கைகொடுக்கவில்லை. அவை இறங்கிய தென் துருவப் பக்கத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே இருப்பதால் நிழல்கள் நீண்டு கேமராவையும் குழப்பும்.

மார்க் 1 சுமார் 8 மீட்டர் உயரம். ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜன் 71 கிராம்தான் என்பதால் தொட்டி பெரிதாகிறது, கலம் உயர்கிறது. எனக்கு உள்ளூரக் கவலை தரும் இடம் இது. இறங்கும்போது எஞ்சின் புழுதியை எப்படிக் கிளப்புகிறது என்று படம்பிடிக்க நாசாவின் கேமராக்களும் இதில் போகின்றன. அந்தப் படங்களுக்காகக் காத்திருக்கிறேன். புழுதி என்றதும் ஒன்று: சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறையில் இருந்து.

ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் புதுச்சேரி கடற்கரையில் தெரியுமா? (இல்லத்தரசி, முத்தியால்பேட்டை)

தெரியும் அம்மா, வானம் சுத்தமாக இருந்தால். இரவில் ஏவும்போது வடக்கே, சற்றுக் கிழக்குப் பக்கமாகப் பாருங்கள்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். இந்த மாதிரி கம்பெனியில் வேலை கிடைக்குமா சார்? (இளைஞர், பண்ருட்டி)

தம்பி, அமெரிக்காவில் ராக்கெட் தொழில்நுட்பம் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கே குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ இல்லாதவரை எடுப்பது அரிது. அந்த ஆசையில் வருடங்களை விடாதீர்கள். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) எஞ்சின்களைச் சோதிக்கிறது. டெக்னீஷியன், டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலைக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும். தனியார் ராக்கெட் கம்பெனிகளில் சென்னையில் அக்னிகுல், ஐதராபாத்தில் ஸ்கைரூட் இருக்கின்றன. 2024 மே 30 அன்று அக்னிகுல் பறக்கவிட்டதில் இருந்த எஞ்சின், 3டி பிரிண்டிங்கில் ஒரே துண்டாக உருவாக்கியது. டிக் வெல்டிங், குளிர் குழாய் இணைப்பு, கசிவுச் சோதனை இந்த மூன்றில் ஒன்றில் கை தேறுங்கள். குலசேகரன்பட்டினம் ஏவுதளமும் எழும்பிக்கொண்டிருக்கிறது, அங்கேயும் ஆள் தேவைப்படும்.