வீட்டுச் சிமெண்டின் கார்பன் கணக்கில் லாரிக்கு எவ்வளவு பங்கு?

"தொலைவிலிருந்து வரும் சிமெண்டை விட்டு பக்கத்தில், கோயம்புத்தூரை ஒட்டியுள்ள மதுக்கரை ஆலையின் சிமெண்டை வாங்கினால் கார்பன் உமிழ்வு வெகுவாகக் குறையுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்த்து வருபவன் நான். குறையும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல.

200 மூட்டை, அதாவது 10 டன் ஏற்றிய லாரி போக வர 60 கிலோமீட்டர் ஓடுவதற்கு 15 லிட்டர் டீசல் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து 200 மூட்டைக்கும் சேர்த்துச் சுமார் 40 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஒரேயொரு மூட்டை ஓபிசி (சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லண்ட்) சிமெண்டைத் தயாரிப்பதிலேயே ஏறக்குறைய அவ்வளவு வெளியேறிவிடுகிறது. சூளையில் எரியும் நிலக்கரியின் புகை ஒருபுறம் இருக்க, சிமெண்டின் முக்கிய மூலப்பொருளான சுண்ணாம்புக்கல், தூயதாக இருந்தால், சுடப்படும்போது தன் எடையில் 44 சதவீதத்தைக் கரியமில வாயுவாக விட்டுவிடுகிறது என்பதால், ஆலையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்தப் பங்கு அப்படியேதான் இருக்கும்.

எனவே தூரத்தைப் பார்ப்பதைவிட மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பிபிசி என்ற கலப்புச் சிமெண்டில் அனல்மின் நிலையச் சாம்பலை 35 சதவீதம் வரை சேர்க்கலாம். அந்த அளவுக்குச் சுட்ட கல் குறைகிறது. எங்கள் மேஸ்திரி, "அது சீக்கிரம் இறுகாதுங்க" என்று 53 கிரேடு ஓபிசியையே கேட்பார். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு: ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள் நீராற்றினால் (கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருந்தால்) போதும் என்றால், பிபிசிக்கு 10 நாளாவது வேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில், கான்கிரீட்டின் மேல் நனைத்துப் போட்ட சாக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுவதால், இங்கே அதை ஒழுங்காகச் செய்ய ஆள் வேண்டும்.

அதைவிட நல்லது, கான்கிரீட்டையே குறைப்பது. கூரைத் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்குள்ள கான்கிரீட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பழைய ஓடுகளைப் பதிக்கும் முறையைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (Laurie Baker) கேரளத்தில் பரவலாக்கினார். பொறியாளரின் வரைபடம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. என் தங்கை வீட்டில் அப்படித்தான் போட்டோம். இடித்த ஓட்டு வீட்டின் மங்களூர் ஓடுகளுக்கு வண்டி வாடகை மட்டும்தான் ஆயிற்று. சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்ததும் ஓடுகள் வரிசையாகத் தெரிவதைப் பார்த்து, உள்பக்கப் பூச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.