நான்கு பேர் ஏறும் வான்கப்பலில் மூன்று மாலெட் எதற்கு?

கேள்வி இதுதான்: வான்கப்பல்கள் பீரங்கிகளால் மோதிக்கொள்ளும் ‘கன்ஸ் ஒஃப் ஐகரஸ் ஒன்லைன்’ என்ற கணினி விளையாட்டில் நண்பர்கள் நால்வர் ஒரே கப்பலில் ஏறும்போது யார் எந்தப் பொறுப்பை எடுப்பது, எந்தக் கருவிகளைக் கொண்டுபோவது? கிளிநொச்சியில் நானும் முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இருக்கும் மூன்று நண்பர்களுமாக இதே குழப்பத்தில் பல இரவுகள் தோற்றவர்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2012இல் மியூஸ் கேம்ஸ் வெளியிட்ட இந்த விளையாட்டில் பைலற், எஞ்சினியர், கன்னர் என்று மூன்று வகுப்புகள் உண்டு. வகுப்பைப் பொறுத்து மாறுவது உங்கள் பையில் இருக்கும் சாமான்கள்தான்: சொந்தத் துறையில் மூன்று, மற்ற இரண்டு துறைகளிலும் ஒவ்வொன்று. எனவே எஞ்சினியரும் பீரங்கியில் நின்று சுடலாம். வழக்கமான குண்டுக்கு மேலதிகமாக ஒரேயொரு குண்டுவகை மட்டுமே அவரிடம் இருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் “நான் நன்றாகச் சுடுவேன், ஆகவே கன்னர்” என்று ஆளுக்கொரு பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவதில்தான் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுகின்றன. சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் யார் எந்த இடத்தில் நிற்பார், எந்தப் பாகத்தை நோக்கி ஓடுவார் என்பதை முதலில் தீர்மானியுங்கள்; பை அதற்குப் பின்னால் தானாக அமையும்.

எங்கள் மிக மோசமான தோல்வி கருவியால் வந்தது. மாலெட் என்ற பெரிய சுத்தியல் ஒரே அடியில் நிறையத் திருத்தும் என்பதால் திருத்த நின்ற மூவருமே அதைக் கொண்டுவந்திருந்தோம். ஸ்பானர் ஒருவரிடமும் இல்லை. மாலெட்டால் ஒருமுறை அடித்த பாகத்தை 9 விநாடிக்கு எவருமே மீண்டும் திருத்த முடியாது. ஸ்பானர் கொஞ்சமாகத்தான் திருத்தும், ஆனால் 2 விநாடியில் மறுபடி அடிக்கலாம், முற்றாக உடைந்த பாகத்தைக் கட்டியெழுப்புவதிலும் அதுவே வேகமானது. அன்று கவசத்தில் சிறு கீறல் விழுந்தவுடனேயே நண்பர் ஒருவர் பதறிப்போய் மாலெட்டால் அடித்துவிட்டார். அடுத்த கணம் எதிரியின் கேற்லிங் என்ற வேகத் துப்பாக்கி முழங்கத் தொடங்கியது; அந்த 9 விநாடியும் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு கவசம் கரைவதைப் பார்த்தோம். பிறகு பலூனும் உடைந்தது. மூன்று பேர் சூழ நின்று மாலெட்டால் தட்டத் தட்ட, கப்பல் மெல்லத் தரையில் போய் உட்கார்ந்தது. படகு எஞ்சின் திருத்தும் கடையில் வேலை செய்யும் எங்கள் முல்லைத்தீவு நண்பர் அன்றிலிருந்து ஸ்பானர் இல்லாமல் ஏறுவதேயில்லை. (கடையில் இப்படி நடந்திருந்தால் முதலாளி துரத்தியிருப்பார் என்று அவரே சொன்னார்.)

ஆகவே எங்கள் ஏற்பாடு இது. கவசத்துக்கு அருகில் நிற்கும் முதல் எஞ்சினியர் ஸ்பானர், மாலெட், தீயணைப்பான் ஆகியவற்றை எடுக்கிறார். இரண்டாவது எஞ்சினியர் மாலெட்டுக்கும் ஸ்பானருக்கும் நடுத்தரமான பைப் றென்ச்சை எடுத்துக்கொள்வதால், பஃப் சுத்தியலுக்கும் தீத்தடுப்புத் தெளிப்பானுக்கும் அவரிடம் இடம் இருக்கிறது. சண்டைக்கு முன் கவசத்தையும் பீரங்கியையும் பஃப் சுத்தியலால் தட்டி வைத்தால் கவசம் கூடுதலாகத் தாங்கும், பீரங்கி கூடுதலாகத் தாக்கும். பைலற் துறைக்குரிய ஒற்றை இடத்தில் எங்களில் ஒருவராவது தொலைநோக்கியை வைத்து எதிரிக் கப்பலைக் குறித்துக் காட்டுவார்.

நான்காமவர் கன்னரா என்பதைப் பீரங்கியே தீர்மானிக்க வேண்டும். பிரமிடியன் கப்பலின் முன்புறத்தில் கேற்லிங்கும் மோட்டார் பீரங்கியும் பூட்டினால், கேற்லிங் கவசத்தைத் துளைக்கும். கவசம் விழுந்தபின் மோட்டார் உடலை உடைக்கும். கவசம் இருக்கையிலேயே மோட்டாரைச் சுடுவது குண்டை வீணடிப்பது. இந்தச் சோடிக்குப் பல குண்டுவகைகள் வேண்டியதில்லை: சுடும் வேகத்தைக் கூட்டும் கிரீஸ் குண்டு ஒன்றை வைத்துக்கொண்டு எஞ்சினியரே கேற்லிங்கைக் கவனிப்பார். ஆனால் கலியன் போன்ற கப்பலில் ஹ்வாச்சா, லம்பர்ஜாக் ஆகிய கனரகப் பீரங்கிகளில் ஒன்று இருந்தால், தூரத்துக்குத் தூரம் குண்டை மாற்ற வேண்டியிருப்பதால், மூன்று வகை வைத்திருக்கும் கன்னர் அங்கே தன் இடத்துக்குத் தகுதியானவர்.

பைலற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கப்பலை வேகமாக ஓடவோ திரும்பவோ வைக்கும் அவரின் கருவிகளான மண்ணெண்ணெய், மூன்ஷைன், பீனிக்ஸ் நகம் ஆகிய மூன்றுமே எஞ்சினைப் பழுதாக்கித்தான் பலன் தருகின்றன; விரைவாக மேலேற்றும் ஹைட்ரஜனும் கீழிறக்கும் கருவியும் பலூனைப் பழுதாக்குகின்றன. நான் சுக்கான் பிடிக்கும்போது அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் பின்னால் நிற்பவருக்கு ஒரு வேலை. எனவே மூன்ஷைனைத் தொடுமுன் “எஞ்சின் பாருங்கோ” என்று சொல்லிவிட்டே தொடுகிறேன். அந்த வார்த்தை சரியாகக் கேட்க ஹெட்போன் வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மோட்டார் பீரங்கிச் சத்தம் ஆகாது என்பதால் அது எப்படியும் என் காதில்தான் இருக்கும்.

மழைக்காலத்தில் நடுச்சண்டையில் ஒருவருக்கு மின்சாரம் போய்விட்டால் அவரிடத்தைக் கணினி நிரப்பும். அது ஓரளவு திருத்தும், ஆனால் நீங்கள் போட்ட திட்டம் அதற்குத் தெரியாது. அதனால்தான் ஸ்பானரை ஒருவரிடம் மட்டும் ஒப்படைக்காமல், பைலற்றின் ஒற்றைத் திருத்துக் கருவியாகவும் நாங்கள் அதையே வைத்திருக்கிறோம்.