ஒரு தோட்டாவின் செலவு யார் கணக்கில்?

என் மகன் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறான். புத்தாண்டு இரவில் சிலர் வானைப் பார்த்துத் துப்பாக்கியால் சுடுவார்களாம். பிடிபட்டால் ஜெயில் என்கிறான். யார் மீதும் படாத தோட்டாவுக்கு போலீஸ், கோர்ட், சிறை என்று அரசாங்கப் பணத்தைக் கரைப்பது நியாயமா?
வாசகி, அண்ணாநகர்

ஃபீனிக்ஸ் உள்ள அரிசோனா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. ‘ஷானன் சட்டம்’ என்பார்கள். 1999 ஜூனில் ஃபீனிக்ஸில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போன் பேசிக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுமி ஷானன், எங்கிருந்தோ வந்து விழுந்த தோட்டாவுக்குப் பலியானாள். அதுவரை நகருக்குள் சுடுவது சிறு குற்றம் மட்டுமே. பெற்றோர் விடாமல் போராடியதால் 2000-ல் அது பெருங்குற்றமானது. நகர எல்லைக்குள்ளோ, வெளியே நின்று நகருக்குள்ளோ பொறுப்பில்லாமல் சுட்டாலே குற்றம். யாருக்கும் காயம்பட வேண்டியதில்லை. தற்காப்பு, முறையான சுடுதளம், குண்டில்லாத வெற்றுத் தோட்டா, ஆள் இருக்கும் கட்டடத்திலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் சுடுவது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

செலவு யார் தலையில் விழுகிறது என்பதும் இந்த மாற்றத்தோடு மாறிவிட்டது. சிறு குற்றமாக இருந்தவரை வழக்கு நகர நீதிமன்றத்திலேயே முடியும். செலவும் நகரத்தோடு நிற்கும். பெருங்குற்றம் என்றதும் வழக்கு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அளவிலான உயர்நிலை விசாரணை மன்றத்துக்குப் போகிறது. முதலில் கிராண்ட் ஜூரி (வழக்கு நடத்தப் போதிய ஆதாரம் உண்டா என்று முடிவெடுக்கும் பொதுமக்கள் குழு) அல்லது ஆரம்பகட்ட விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவர் ஏழை என்றால் அரசு செலவில் வக்கீல். விசாரணை நடந்தால் எட்டுப் பேர் கொண்ட ஜூரி. தண்டனை சிறை என்றால் அது மாநிலத்தின் சிறை. ஆக, நகரத்தின் செலவு குறைந்து, கவுண்டிக்கும் மாநிலத்துக்கும் ஏறுகிறது.

சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. அரிசோனாவில் பெருங்குற்றங்களுக்கு ஆறு படிகள். இதை ஆறாவதான கடைசிப் படியில் வைத்தார்கள். கூடவே, ‘ஆபத்தான குற்றம்’ என்று அரசுத் தரப்பு குறிப்பிட்டு நிரூபித்தால் ஒழிய, நீதிபதி இதைச் சிறு குற்றமாகவே கருதி முடிக்கலாம் என்று ஓர் உட்பிரிவும் சேர்த்தார்கள். ‘ஆபத்தான’ என்று நிரூபணமானால் 1.5 முதல் 3 ஆண்டுவரை சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பில் விட முடியாது. இல்லையென்றால் கண்காணிப்பிலேயே விடலாம். குற்றப்பத்திரிகையில் அந்த ஒரு வார்த்தை இருக்கிறதா இல்லையா என்பதில்தான் மாநிலத்தின் செலவில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

நியாயமா என்று கேட்டீர்கள். நிச்சயமாக நியாயம்தான். ஆனால் தண்டனைக்குச் செலவழிப்பதைவிட ஆளைக் கண்டுபிடிக்கச் செலவழிப்பதில் பலன் அதிகம். ஷானனைக் கொன்ற தோட்டாவைச் சுட்டவர் யாரென்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

மேலே போன தோட்டா வேகமிழந்து சும்மா விழாதா? அது உயிரையே எடுக்குமா?
வாசகர், திருச்சி

எடுக்கும். நேர் செங்குத்தாகச் சுட்ட ரைபிள் தோட்டா திரும்பி விழும்போது நொடிக்கு ஏறக்குறைய 90 மீட்டர் வேகத்தில் வரும். தோலைத் துளைக்க 60 மீட்டரே போதும். நடைமுறையில் யாரும் நேர் செங்குத்தாகச் சுடுவதில்லை. சாய்வாகப் போகும் தோட்டா இன்னும் அதிக வேகத்தோடு வந்து இறங்கும், பெரும்பாலும் தலையில். லாஸ் ஏஞ்சலஸில் ஒரே மருத்துவமனைக்கு 1985 முதல் 1992 வரை இப்படி 118 பேர் கொண்டுவரப்பட்டார்கள். 38 பேர் இறந்தார்கள்.

மருத்துவச் செலவும் பொதுப் பணம்தான். எல்லாவகைத் துப்பாக்கிக் காயங்களுக்கும் சேர்த்து, முதல்கட்ட மருத்துவமனைச் செலவு மட்டும் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்குச் சற்று மேல் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2021-ல் சொன்னது. அதில் 60 சதவீதத்துக்கு மேல் ஏழைகளுக்கான மெடிகெய்டு உள்ளிட்ட அரசுக் காப்பீடுகளைச் சேர்ந்த நோயாளிகளுக்கானது.

துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு இடத்தைச் சொல்லும் கருவிகள் இருக்கின்றனவே, அவற்றை நகரம் முழுக்க மாட்டினால் என்ன?
வாசகர், பெங்களூரு

ஷாட்ஸ்பாட்டர் என்ற அமைப்பைச் சொல்கிறீர்கள். ஒரு சதுர மைலுக்கு ஏறக்குறைய 20 முதல் 25 மைக்குகளைக் கூரைகளிலும் கம்பங்களிலும் பொருத்துவார்கள். சத்தம் ஒவ்வொரு மைக்கையும் எட்டும் நேர வித்தியாசத்தை வைத்து இடம் கணக்கிடப்படும். ஒரு பணியாளர் ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்த்ததும், ஒரு நிமிடத்துக்குள் போலீசுக்குத் தகவல் போகும். கட்டணம் சதுர மைலுக்கு ஆண்டுக்கு 65,000 டாலரிலிருந்து தொடங்குவதாகச் செய்திகள் சொல்லிவந்தன. ஃபீனிக்ஸின் பரப்பு 500 சதுர மைலுக்கு மேல். முழு நகரத்துக்கும் மாட்டினால் ஆண்டுக்குக் குறைந்தது 3.25 கோடி டாலர்.

சந்தாவைவிடப் பெரிய செலவு, எச்சரிக்கை வரும்போதெல்லாம் ஓடும் போலீசாரின் நேரம். சிகாகோ 2018-ல் மூன்றாண்டுக்கு 3.3 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை வந்த 50,176 எச்சரிக்கைகளில், துப்பாக்கிக் குற்றத்துக்கான தடயம் கிடைத்தவை 4,556 மட்டுமே என்று நகரத்தின் கண்காணிப்பு அலுவலகம் சொன்னது. தடயம் இல்லை என்பதாலேயே யாரும் சுடவில்லை என்று ஆகிவிடாது. ரிவால்வர் என்றால் சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளை உறை கீழே விழாது. ஆனாலும் மீதி 45,620 தடவையும் இரண்டு போலீசார் அரைமணி நேரம் செலவிட்டதாக வைத்துக்கொண்டால் 45,620 மணிநேரம் ஆகிறது. ஆண்டுக்கு 2,080 மணிநேரம் வேலை என்றால், இது 22 போலீசாரின் ஓராண்டு உழைப்பு. 2024 செப்டம்பரில் சிகாகோ இதை நிறுத்திவிட்டது. புத்தாண்டு இரவில் பட்டாசும் சேர்ந்துகொள்வதால், நம் விஷயத்துக்கு இந்தக் கருவி இன்னும் பலவீனமானது.

எங்கள் கருத்தில் காலி உறைகளைச் சேகரிப்பதில் போடும் பணமே மேல். ஒவ்வோர் உறைக்கும் எண் அட்டை வைத்து, படமெடுத்து, தூரம் அளந்து, தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும். ஈரமானதை பிளாஸ்டிக் பையில் மூடினால் பித்தளை அரித்து, நுண்ணிய கீறல்கள் கெடும். துப்பாக்கியின் ஊசியும் பின்தட்டும் உறையின் அடியில் பதிக்கும் தழும்புகளைப் படமாக்கி, நிபின் என்ற நாடளாவிய தரவுத்தளத்தில் ஏற்றுவார்கள். கணினி காட்டும் பொருத்தம் துப்பு மட்டுமே; நிபுணர் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தால்தான் கோர்ட்டில் நிற்கும். படம் வாரக்கணக்கில் ஏறாமல் கிடந்தால் துப்பு ஆறிப்போகும். அண்ணாநகர் வாசகி தன் மகனிடம் சொல்ல வேண்டியதும் இதுதான்: வாசலில் உறை கிடந்தால் தொடாமல், நேரத்தைக் குறித்துக்கொண்டு போலீசைக் கூப்பிடட்டும்.

இப்படி ஒரு சட்டத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
சட்ட மாணவி, நாகர்கோவில்

பழைய சட்டத்தின்கீழ் ஆண்டுக்கு எத்தனை வழக்கு, அதில் எத்தனை பேருக்குத் தண்டனை, எத்தனை பேர் சிறை போவார்கள், எவ்வளவு காலம் என்று படிப்படியாக இறங்க வேண்டும். 20 பேருக்குத் தலா 18 மாதம் என்று வையுங்கள். அரிசோனாவில் இத்தகைய தண்டனையில் 85 சதவீதமாவது உள்ளே இருந்தாக வேண்டும். அப்படியானால் தலா 15.3 மாதம், மொத்தம் 25.5 கைதி-ஆண்டுகள்.

தவறு நேர்வது அடுத்த படியில். ஒரு கைதிக்கான சராசரிச் செலவால் இதைப் பெருக்கிவிடுவார்கள். 20 பேர் கூடினால் புதிய காவலர் தேவையில்லை. சாப்பாடு, மருந்து, துணிமணிக்குத்தான் கூடுதல் செலவு. ஆனால் இருக்கும் படுக்கைகள் நிரம்பி புதிய பிளாக் திறக்க வேண்டி வந்தால் செலவு ஒரேயடியாக எகிறும். முதலாண்டுக் கணக்கை மட்டும் காட்டுவதும் ஏமாற்றும்: வழக்குகள் முடியவே மாதங்கள் ஆகும், இரண்டாம் மூன்றாம் ஆண்டில்தான் கைதிகள் எண்ணிக்கை முழு அளவை எட்டும். விசாரணைக்கு முன் கவுண்டி ஜெயிலில் இருக்கும் நாட்கள் பெரும்பாலும் மாநிலக் கணக்கில் வராது. தவிர்க்கப்படும் காயங்களின் மருத்துவச் செலவை வரவுப் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை. எழுதத்தான் வேண்டும்.

கல்யாண ஊர்வலத்தில் சுடுகிற செய்திகள் வட இந்தியாவிலிருந்து வருகின்றனவே, நம் நாட்டில் சட்டம் இல்லையா?
வாசகர், தஞ்சாவூர்

உண்டு. ஆயுதச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 25(9) பிரிவின்படி, பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி கொண்டாட்டத்தில் சுட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 17-வது பிரிவின்படி லைசென்ஸையும் ரத்து செய்யலாம். அரசுக்கு ஏறக்குறைய செலவே இல்லாத தண்டனை அது. பல வழக்குகளில் விருந்தினரின் செல்போன் வீடியோவே முக்கிய சாட்சி. அதை வெட்டாமல், வாட்ஸ்ஆப்பில் சுருங்கிய பிரதியாக இல்லாமல், எடுத்த போனில் இருக்கும் மூலக் கோப்பாகவே ஒப்படையுங்கள். பிரதியைத் தாக்கல் செய்வதென்றால் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-வது பிரிவின்படி சான்றிதழும் வேண்டும்.