நாலு எழுத்துல அடங்குற ஆளா நீங்க?

கேள்வி: மையர்ஸ் பிரிக்ஸ்னு நாலு எழுத்துல நம்ம குணத்த சொல்ற பர்சனாலிட்டி டெஸ்ட் ஒண்ணு எடுத்தேன், ஐஎன்டிஜேன்னு வந்துச்சு. அன்னைல இருந்து ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "நீ டி டைப், உனக்கு ஃபீலிங்ஸே கிடையாது"ன்னு ஓட்டுறாங்க. நானோ படம் பாத்தா முதல் ஆளா அழுவேன். அப்போ டெஸ்ட் தப்பா?

பதில்: டெஸ்ட் கதைய அடுத்த கேள்வில பாப்போம், முதல்ல உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்றது தப்பு. நாலு எழுத்தும் நாலு ஜோடில இருந்து ஒவ்வொண்ணா வர்றது: கவனம் உள்ள பக்கம் போற இன்ட்ரோவர்ட்டா (ஐ) வெளிய போற எக்ஸ்ட்ரோவர்ட்டா (ஈ), சென்சிங்கா (எஸ்) இன்ட்யூஷனா (என்), திங்கிங்கா (டி) ஃபீலிங்கா (எஃப்), ஜட்ஜிங்கா (ஜே) பெர்சீவிங்கா (பி). இதுக்கெல்லாம் வேர் கார்ல் யுங்ங்கற சுவிஸ் மனநல மருத்துவர் 1921ல எழுதின புத்தகம். அதுல அவர் ஃபீலிங்னு சொன்னது அழுகையையோ கோவத்தையோ இல்லீங்க, ஒரு விஷயம் நமக்கு முக்கியமா இல்லையா, ஏத்துக்கலாமா வேணாமான்னு மனசு மதிப்பு போடுது பாருங்க, அந்த வேலைய. அதனாலதான் திங்கிங், ஃபீலிங் ரெண்டையுமே அவர் பகுத்தறிவு சார்ந்ததுன்னு ஒரே பக்கம் வச்சார் (இது தெரிஞ்சாலே பாதி மீம்ஸ் காலி). ஒரு ஃப்ரெண்ட் வேலைய விடப்போறேன்னு வந்து நிக்கிறான்னு வைங்க, டி ஆளு "சரி, செலவுக்கு என்ன பண்ணப்போற?"ன்னு ஆரம்பிப்பாரு, எஃப் ஆளு "அங்க அவ்ளோ கஷ்டமா இருக்கா?"ன்னு ஆரம்பிப்பாரு, ரெண்டு கேள்வியும் அக்கறைலதான் வருது, கொஞ்ச நேரத்துல ரெண்டு பேருமே அடுத்த கேள்வியயும் கேட்டுருவாங்க. எது முதல்ல வருதுங்கறதுதான் அந்த எழுத்து. உங்களுக்கு அழுகை வருமா வராதான்னு அது சொல்லவே இல்ல.

இன்ட்ரோவர்ட்னா கூச்ச சுபாவம், ஜேன்னா அலமாரிய அடுக்கி வைக்கிற ஆளுன்னு சொல்றதும் இதே ரகம்தான். கூச்சம்ங்கறது அடுத்தவங்க என்ன நினைப்பாங்களோங்கற பயம், அது எக்ஸ்ட்ரோவர்ட்டுக்கும் இருக்கும். ஜே, பி எழுத்து யுங் போட்டதே இல்ல, கேத்தரின் பிரிக்ஸ், அவங்க பொண்ணு இசபெல் மையர்ஸ் ரெண்டு பேரும் சேத்தது. முடிவு எடுத்து ஒரு விஷயத்த மூடிட்டாத்தான் நிம்மதின்னு இருக்கறவங்க ஜே, அவங்க மேசை குப்பையா கிடந்தாலும்.

கேள்வி: போன வருஷம் ஐஎன்எஃப்பி, இப்போ ஈஎன்எஃப்பி. நான் மாறிட்டேனா? ஆனா ரெண்டு விளக்கமும் படிச்சா அப்படியே நான்தான்!

பதில்: மாறல. எழுத்து தர்ற டெஸ்ட் நடுவுல ஒரு கோடு போட்டுத்தான் பிரிக்குது, ஆனா ஜனங்கள்ல நிறைய பேரு அந்த நடுவுலயேதான் இருக்காங்க. 51 வாங்கினவருக்கும் 95 வாங்கினவருக்கும் ஒரே எழுத்து, 49 வாங்கினவருக்கு வேற எழுத்து, என்ன நியாயம் இது? ஒரு நாள் மூடு கொஞ்சம் அப்படி இப்படி இருந்தா போதும், எழுத்து மாறிடும். அதனால சதவீதம் போட்டிருந்தா அத பாருங்க. ஆராய்ச்சி பண்றவங்க பெரும்பாலும் பிக் ஃபைவ்னு அஞ்சு அளவுகோல்தான் வச்சுக்கறாங்க, அதுல டப்பாவே கிடையாது, எவ்வளவுன்னு மட்டும்தான். நாலு எழுத்துல சுத்தமா இல்லாத ஒண்ணும் அதுல இருக்கு: ஒருத்தர் எவ்வளவு சுலபமா பதட்டப்படுவாரு, கலங்குவாருங்கறது. அத விட்டுட்டதும் ஒரு காரணம்னு நினைக்கிறேன், பதினாறு டைப்புக்கும் விளக்கம் பாராட்டு பத்திரம் மாதிரியே இருக்கறதுக்கு.

ரெண்டும் நீங்கதான்னு தோணுறதுக்கும் ஒரு பழைய சோதனை இருக்கு. 1948ல பெர்ட்ரம் ஃபோரர்ங்கற உளவியல் ஆசிரியர் ஸ்டூடண்ட்ஸுக்கு ஒரு டெஸ்ட் வச்சு, இதுதான் உன் ரிசல்ட்னு எல்லாருக்கும் ஒரே பத்திய கொடுத்தார், பெரும்பாலும் ஜோசிய புக்குல இருந்து எடுத்தது. எவ்வளவு பொருந்துதுன்னு 5க்கு மார்க் போடச் சொன்னா சராசரி 4.26 வந்துச்சு! அதனால உங்களுக்கு வராத டைப்போட விளக்கத்தயும் நாலஞ்சு படிச்சு பாருங்க, அதுவும் பொருந்துச்சுன்னா புரிஞ்சுடும்.

கேள்வி: வேலைக்கு ஆள் எடுக்க இத வச்சுக்கலாமா?

பதில்: கூடாது. மையர்ஸ் பிரிக்ஸ் டெஸ்ட்ட நடத்துறவங்களே ஆள் தேர்வுக்கு இத பயன்படுத்தாதீங்கன்னு சொல்றாங்க. அது விருப்பத்த கேக்குது, திறமைய இல்ல. ஐ எழுத்து வந்தவர் சேல்ஸ்ல பட்டைய கிளப்பலாம், வீட்டுக்கு வந்ததும் யார்கிட்டயும் பேசாம ஒரு மணி நேரம் உக்காருவாரு, அவ்ளோதான்.