மறு: மழை வந்தால் இணையம் போய்விடுகிறது, மீகணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) பயிற்சியில் இணையவழியாகச் சேரலாமா?

சகோதரி, தயங்காமல் சேருங்கள். சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டிலிருந்து இதெல்லாம் நடக்காது என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இணைப்பு அறுந்ததும் கணக்கீடும் நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குற்றம் மழையுடையது அல்ல. மீகணினிக்குள் நுழைந்ததும் முதலில் வந்து நிற்கும் நுழைவுக் கணினியிலேயே நிரலை நேரடியாக ஓட்டுகிறீர்கள். அது எல்லாருக்கும் பொது. கோப்பைத் திருத்தவும் வேலையை அனுப்பவும்தான் அது இருக்கிறது. வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்ம் என்ற மென்பொருள் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருப்பதாகச் சொல்கிறீர்களே, கட்டளைகளை ஒரு வேலைக்கோப்பில் எழுதி ‘எஸ்பேட்ச்’ (sbatch) மூலம் அனுப்புங்கள். பிறகு மடிக்கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம். வேலை தன்பாட்டுக்கு ஓடும். ‘எஸ்கியூ’ (squeue) அடித்துப் பாருங்கள்: ‘பிடி’ (PD) என்றால் காத்திருக்கிறது, ‘ஆர்’ (R) என்றால் ஓடுகிறது.

வேலைக்கோப்பில் கேட்கும் நேர வரம்பிலும் கவனம் வேண்டும். 3 மணி நேர வேலைக்கு 3 நாள் கேட்டால் வரிசையில் கிடக்க வேண்டியதுதான். 4 மணி நேரம் கேளுங்கள். பெரிய வேலைகளுக்கு நடுவே விழும் இடைவெளியில் உங்கள் வேலை நுழைந்துவிட வாய்ப்புண்டு.

பயிற்சிக்கு முன் லினக்ஸ் கட்டளைகள் கைக்குப் பழகியிருக்க வேண்டும். அதைக் கற்றுத்தரும் ‘சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி’ இணையப் பாடங்கள் இலவசம். வானம் தெளிவாக இருக்கும்போது படித்துவிடுங்கள். பயிற்சிக்குத் தனிக் கணக்கு தருவார்களென்றால் முந்தைய நாளே நுழைந்து பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் சொந்த வேலைக்கோப்பைத் தயாராக வைத்திருந்து கேள்வி நேரத்தில் அதையே காட்டுங்கள். நல்ல பயிற்றுநர் அதைத்தான் விரும்புவார். நடுவில் இணைப்பு போனாலும் பிறகு பார்க்கப் பயிற்சியின் ஒளிப்பதிவு கிடைக்குமா என்று ஏற்பாட்டாளரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.