இடப்பக்கம் தெரியவில்லை என்றால் இடக்கண்ணைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: மூளையின் பின்பகுதியில், வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்து தேறிய என் கணவர், ரயில் நிலையத்தில் இடப்புறம் வருபவர்கள்மீது மோதுகிறார், செய்தித்தாளில் வரியின் முதற்சொற்களை விட்டுவிடுகிறார். இடக்கண் பலவீனம் என்று கண்ணாடிக்கடையில் சொல்கிறார்கள். ‘வலது மூளையைத் தூண்டும்’ பயிற்சிக்கு ஒருவர் முன்பணம் கேட்கிறார். என்ன செய்யலாம்? — வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: இரண்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள். மூளையின் இரு பாதிகளும் ஒரு கண்ணுக்கு ஒரு பாதி என்று வேலையைப் பிரித்துக்கொள்வதில்லை. நேராகப் பார்க்கும்போது நடுவுக்கு இடப்புறம் உள்ளவை, எந்தக் கண்ணில் பட்டாலும், வலது மூளைக்கே செல்கின்றன. வலப்புறம் உள்ளவை இடது மூளைக்கு. இதற்காக ஒவ்வொரு கண்ணின் நரம்பிழைகளிலும் ஏறக்குறைய பாதி, வழியில் பக்கம் மாறுகின்றன. ஆகவே மூளையின் பின்பகுதியில் வலப்பக்கம் பழுதுபட்டால் இரு கண்களிலுமே இடப்புறக் காட்சி மறைகிறது. கடையிலுள்ள எழுத்துப் பலகையை அவர் கடைசி வரிவரை படித்துவிடவும் கூடும். அது நடுப்பார்வையின் கூர்மையை மட்டுமே அளக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். ஒரு கண்ணில் மட்டும் மறைப்பு இருந்து மற்றதில் இரு புறமும் தெளிவாகத் தெரிந்தால், கோளாறு பெரும்பாலும் அந்தக் கண்ணிலோ அதன் நரம்பிலோ இருக்கிறது. அதிலும் திரை விழுவதுபோல் திடீரென மறைத்தால் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், விழித்திரை விலகியிருக்கலாம்.

பயிற்சி விற்பவர்கள், மூளையின் இரு பாதிகளின் வேலையை ஆராய்ந்து 1981இல் நோபல் பரிசு பெற்ற ரோஜர் ஸ்பெரியின் பெயரை இழுப்பார்கள். அவர் ஆராய்ந்த நோயாளிகள், வலிப்பு நோய்க்காக இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிக்கொண்டவர்கள். உங்கள் கணவரின் நிலை வேறு. இறந்த திசுவை எந்த வகுப்பும் தூண்டி எழுப்பாது. முன்பணம் கேட்பவர், ‘மருத்துவமனையில் சொல்லமாட்டார்கள்’ என்பவர், உறவினரை அழைத்துவந்தால் கழிவு தருபவர் ஆகிய மூவரையும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்று, ‘பார்வைப்புலச் சோதனை’ (நேராகப் பார்க்கும்போது எந்தப் பக்கம் தெரியவில்லை என்று அளப்பது) வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கண் மருத்துவருக்கு ஒரு வரிசை, நரம்பு மருத்துவருக்கு இன்னொரு வரிசை என்று நோயாளியை அலையவிடும் ஏற்பாட்டில், அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். தானாகத் திரும்பும் பார்வை பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே திரும்புகிறது. அதன்பின் தலையையும் கண்ணையும் இடப்புறம் திருப்பித் தேடும் பழக்கமே கைகொடுக்கும். அதை மறுவாழ்வுச் சிகிச்சையாளர் கற்றுத்தருவார். மருத்துவர் அனுமதிக்கும்வரை உங்கள் கணவர் வண்டி ஓட்டவே கூடாது.