தொட்டவரைத் திருப்பித் தொடக்கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் 'டேக்' என்ற ஹாலிவுட் படம் பார்த்தேன். சிறுவயதில் தொடங்கிய ஓடிப்பிடிச்சு விளையாட்டை நாற்பது வயதிலும் விடாமல் ஆடும் ஐந்து நண்பர்களின் கதை. பார்த்து முடித்ததும் எங்கள் பள்ளி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் 'நாமும் ஆடினால் என்ன?' என்று போட்டேன். நாங்கள் ஏழு பேர். மூவர் சென்னை, இருவர் கோவை, ஒருவர் பெங்களூர், ஒருவர் சிங்கப்பூர். கல்யாணத்திலும் துக்கத்திலும் மட்டும்தான் பார்த்துக்கொள்கிறோம். எல்லாரும் உடனே சரி என்றார்கள், உடனே சண்டையும் வந்துவிட்டது. முப்பது வருடம் யார் கையிலும் சிக்காத ஜெர்ரிதான் அந்தப் படத்தின் ஹீரோ, சிக்காமல் இருப்பதுதான் ஆட்டமே என்கிறான் ஒருவன். எனக்கு அது ஒட்டவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. படம் உண்மைக் கதை என்கிறார்களே, எவ்வளவு உண்மை? விதிகளை எப்படி எழுதிக்கொள்வது? இந்த வயதில் கைகால் உடையும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அதற்கும் பதில் வேண்டும்.

எம்.

அன்புள்ள எம்.,

உண்மையிலிருந்து தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்று ஓர் ஊர். அங்குள்ள கொன்சாகா பிரிபரேட்டரி என்ற சேசு சபைப் பள்ளியில் படித்த பத்துப் பேர்தான் நிஜ ஆட்டக்காரர்கள். பள்ளி நாட்களில் இடைவேளையில் ஆடிய ஆட்டம் படிப்போடு நின்றுபோனது. பள்ளியின் கடைசி நாளில் பிடிக்கிறவராக இருந்தவர் யாரையும் தொட முடியாமலே வெளியேறினார். அந்தக் குறை அவர் மனதில் வருடக்கணக்காகக் கிடந்தது. 1990இல் நண்பர்கள் மறுபடி கூடியபோது இந்தப் பேச்சு வந்தது. ஆளுக்கொரு ஊரில் வேலை, குடும்பம். ஆகவே வருடம் முழுக்க ஆட முடியாது, பிப்ரவரி மாதம் மட்டும் ஆடுவோம் என்று முடிவானது. கூட்டத்தில் சட்டம் படித்தவர் ஒருவர் முறையாக ஓர் ஒப்பந்தம் எழுதினார், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். 2013 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைச் செய்தியாக வெளியிட்டபோது இருபத்துமூன்று பிப்ரவரிகள் கடந்திருந்தன. அந்தச் செய்தியிலிருந்துதான் 2018இல் ஜெஃப் டாம்சிக் இயக்கத்தில் படம் வந்தது.

படம் மாற்றியவை பல. பத்துப் பேர் ஐவரானார்கள், பிப்ரவரி மே மாதமானது. இவற்றால் ஒன்றும் கெடவில்லை. ஒரே ஒரு மாற்றம்தான் ஆட்டத்தையே வேறொன்றாக ஆக்கிவிட்டது. அது ஜெர்ரி. ஜெரமி ரென்னர் நடித்த, முப்பது வருடம் யாரும் தொட்டிராத அந்த ஆள், திரைக்கதைக்காக உண்டாக்கப்பட்டவர்.

இதை விளக்க அந்த ஒப்பந்தத்துக்குள் போகவேண்டும். அதில் இரண்டு விதிகள் முக்கியம். உங்களைத் தொட்டவரை நீங்கள் உடனே திருப்பித் தொடக்கூடாது என்பது ஒன்று. 'இப்போது பிடிக்கிறவர் நீயா?' என்று இன்னொரு நண்பர் கேட்டால் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது மற்றது.

முதல் விதி நமக்குத் தெருவிலேயே தெரிந்ததுதான். ஆனால் பெரியவர்கள் ஊர் ஊராகப் பிரிந்தபின் அது செய்யும் வேலையே வேறு. நீங்கள் ஒருவரைத் தேடிப் போய்த் தொடுகிறீர்கள். அவரால் உங்களைத் திருப்பித் தொட முடியாது. அவர் மூன்றாவது ஒருவரைத் தேடியாகவேண்டும், அந்த மூன்றாமவர் வேறு ஊரில் இருக்கிறார். டிக்கெட் எடுக்கவேண்டும், அவருடைய மனைவியிடமோ அலுவலகத்திலோ ரகசியமாகப் பேசி ஆள் எங்கே இருப்பார் என்று தெரிந்துகொள்ளவேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் ஒரே ஊரில் இருக்கும் இருவர் மாதம் முழுக்க ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டிருப்பார்கள், மற்ற எட்டுப் பேர் வாட்ஸப்பில் சிரிப்புப் பொம்மை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது விதியால் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கும். இப்போது பிடிக்கிறவர் யார் என்று தெரியவேண்டுமானால் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். பிப்ரவரியில் பழைய நண்பன் எவன் கூப்பிட்டாலும் முதல் கேள்வி அதுதான், அதன் பிறகு மற்ற பேச்சு.

இப்போது ஜெர்ரியை இதற்குள் வைத்துப் பாருங்கள். தொடப்படாத ஆள் யாரையும் தேடிப் போகவேண்டியதில்லை. முப்பது வருடத்தில் அவர் ஒரு நண்பனுக்காகவும் டிக்கெட் எடுத்திருக்க மாட்டார், யார் வீட்டுத் தோட்டத்திலும் ஒளிந்திருக்க மாட்டார். மற்ற நால்வரும் அவரைத் தேடி வருகிறார்கள், அவர் தப்பிக்கிறார். உங்கள் நண்பர் அதைத் திறமை என்கிறார். திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஜெர்ரி தன் கல்யாணத்துக்கு அந்த நால்வரையும் அழைக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? படமே அவரைப் பற்றி வைத்திருக்கும் தீர்ப்பு அதுதான். கடைசியில் மருத்துவமனையில் அவராகவே தொடுவதற்கு உடம்பைக் கொடுக்கும் இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. அந்த ஒரு காட்சிக்காகப் படத்தின் மற்ற எல்லாக் குறைகளையும் மன்னிப்பேன். கல்யாணத்தை நிறுத்திவிடாமல் ஆட்டத்தை மட்டும் நிறுத்துவதற்காகக் மணப்பெண் கரு கலைந்துவிட்டதாகப் பொய் சொல்லும் பகுதியைத் தவிர. அதை எழுதியிருக்கவே வேண்டாம்.

உங்கள் மனதில் ஒட்டாமல் போனதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நண்பருக்கு இப்படிச் சொல்லுங்கள்: ஸ்போகேன்காரர்கள் கணக்கில் ஒரு பிப்ரவரியில் யாரும் தொடாமல் போனவர் அந்த வருடம் யாரையும் பார்க்கப் போக அவசியமில்லாமல் போனவர்.

இனி உங்கள் விதிகள். அவர்களுடைய ஒப்பந்தத்தை அப்படியே எடுத்தால் உங்களுக்கு ஓரிடத்தில் உடையும். சென்னையில் மூவர் இருக்கிறீர்கள். இருவர் இருந்தால் திருப்பித் தொடக்கூடாது என்ற விதி போதும். மூவர் இருந்தால் முதலாமவர் இரண்டாமவரை, அவர் மூன்றாமவரை, அவர் மறுபடி முதலாமவரை என்று விதி மீறாமலே சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆட்டம் தாம்பரத்தைத் தாண்டாது. ஆகவே இப்படிச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிடிக்கிற வேலை ஒரே ஊருக்குள் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கைமாறக்கூடாது, மூன்றாவது தொடுதல் வெளியூர்க்காரர் மேல்தான். சென்னைக்குள் இரண்டு முறை கைமாறியதும் யாராவது ஒருவர் கோவைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறித்தான் ஆகவேண்டும்.

சிங்கப்பூர் நண்பருக்கு விமானச் செலவு. ஒருமுறை அவர் தொடப்பட்டால் வந்துதான் தீரவேண்டும், இரண்டாவது வருடமே அவர் கழன்றுகொள்வார். இதற்கு மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் வழி இருக்கிறது. தை மாதத்தை எடுங்கள். பொங்கலுக்கு எப்படியும் சொந்த ஊருக்கு வருவீர்கள். பொங்கலன்று தொடங்கி மாசி பிறக்கும்போது முடித்துவிடுங்கள், ஏறக்குறைய முப்பது நாள். அவர் ஊரில் நிற்கும் நாலைந்து நாட்கள் அவருக்கான களம். திரும்பிப் போகும் விமானத்தில் பிடிக்கிறவராகப் போகிறாரா இல்லையா என்பது உங்கள் சாமர்த்தியம். போனால், மீண்டும் வரும் செலவில் பாதியை மற்ற ஆறு பேரும் பங்கிட்டுக்கொள்வதாக முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

தையில் ஒரு சிக்கல், கல்யாணங்கள். படத்தில் கல்யாணம் சம்பந்தப்பட்ட நிகழ்ச்சிகளில் தொடக்கூடாது என்று ஒரு திருத்தத்தில் எல்லாரும் கையெழுத்திடுகிறார்கள். சம்பந்தப்பட்டது எது, சம்பந்தப்படாதது எது என்பதில்தான் எல்லாத் தகராறும் பிறக்கும். பந்தக்கால் நடுவதும் சம்பந்தம்தான், சம்பந்தி வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போவதும் சம்பந்தம்தான். அந்த மாதிரிச் சொற்களை விட்டுவிட்டு இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை நான்கு முதல் முகூர்த்த நாள் மாலை நான்கு வரை, மண்டபத்தின் வாசற்படிக்குள் தொடக்கூடாது. அவ்வளவுதான். வாசலுக்கு வெளியே பார்க்கிங்கில் ஒளிந்திருப்பவர்பாடு.

அடுத்தது காயம். உங்கள் வீட்டில் பயப்படுவது சரியான பயம். ரென்னருக்குப் படப்பிடிப்பில் வலது முழங்கையும் இடது மணிக்கட்டும் உடைந்தன. சண்டைப் பயிற்சியாளர்கள் சுற்றி நிற்கும் இடத்திலேயே அப்படி. பிறகு பல காட்சிகளில் அவர் கைகளைக் கணினியில் வரைந்து சேர்த்தார்கள். ஆனால் நிஜ ஆட்டத்தில் நான் அதிகம் யோசித்த விபத்து வேறு. ஒருவர் விமானத்தில் வந்து, இன்னொரு நண்பரின் காரின் டிக்கிக்குள் மடங்கிப் படுத்துக்கொண்டார். புதுக் கார் பார்க்க வா என்று தொடப்படவேண்டியவரை வெளியே கூப்பிட்டார்கள். டிக்கி திறந்ததும் இவர் பாய்ந்து தொட்டார். தொடப்பட்டவரோடு வந்த அவர் மனைவி மிரண்டு பின்னால் விழுந்ததில் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆட்டத்தில் இல்லாத ஒருவர். ஆடுகிறவர்களுக்கு அந்த மாதம் முழுக்க உடம்பில் ஓர் எச்சரிக்கை இருக்கும், பக்கத்தில் நிற்பவருக்கு அது இருக்காது. அதனால் அடிபடுவது பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவராகத்தான் இருக்கும்.

இதற்கு நான்கு தடைகள் போதும். மாடிப்படியிலும் படிக்கட்டின் மேல்முனையிலும் தொடக்கூடாது. ஓடும் வண்டியில் இருப்பவரை, இரு சக்கர வாகனத்தில் காலூன்றி நிற்பவரையும் சேர்த்து, தொடக்கூடாது. கையில் குழந்தையோ சூடான பாத்திரமோ இருந்தால் கூடாது. எழுபது வயதைக் கடந்த பெற்றோர் அந்த அறையில் இருந்தால் ஒளிந்திருந்து பாய்வது கூடாது, நடந்து வந்து தொடலாம்.

துரத்தலையும் குறையுங்கள். படத்தில் ஓடுவது கேமராவுக்காக. சூடேறாத உடம்போடு சட்டென்று ஓடினால் நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், மோசமாக இழுத்தால் குதிகால் தசைநார் அறுந்துபோகும். பத்தடிக்குள் தொட முடியாவிட்டால் அந்த முயற்சி தோல்வி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது என்று எழுதுங்கள். அப்போது வேகத்துக்கு வேலை குறைந்து திட்டத்துக்கு வேலை கூடும். படத்தில் நண்பர்களில் ஒருவராக வரும் எட் ஹெல்ம்ஸ், இன்னொருவராக வரும் ஜான் ஹாமைத் தொடுவதற்காக அவருடைய நிறுவனத்திலேயே துப்புரவுப் பணியாளராக வேலைக்குச் சேர்கிறாரே, அதுதான் ஆட்டத்தின் உயிர்.

நிஜக்காரர்களில் ஒருவர், கார் ஷெட் வழியாக நள்ளிரவில் நுழைந்து, படுக்கையில் கிடந்த நண்பரைத் தொட்டிருக்கிறார். இதை மட்டும் இங்கே செய்யாதீர்கள். காம்பவுண்டு ஏறிக் குதிப்பவனை நம் தெருவில் திருடன் என்றுதான் நினைப்பார்கள், அடி முதலில் விழும், விசாரணை பிறகு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஆட்டம் கிடையாது. வீட்டுக்குள் போவதென்றால் அந்த வீட்டார் ஒருவர் கதவைத் திறந்துவிடவேண்டும். இதில் ஒரு லாபமும் உண்டு, வீட்டாரைக் கூட்டுச் சேர்க்காமல் யாரும் ஜெயிக்க முடியாது. படத்தில் ஒன்பது வயதில் போட்ட 'பெண்களுக்கு இடமில்லை' என்ற விதியால், எல்லாரையும்விட வெறியாக ஆடக்கூடிய ஆனா, எட் ஹெல்ம்ஸின் மனைவியாக வருபவள், படம் முடியும் தறுவாய்வரை வெளியே நிற்கிறாள். அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள். பயப்படுகிறவர்களுக்கே ஒற்றர் வேலை கொடுங்கள். ஆடவே விரும்பினால் ஏழு பதினான்காகட்டும்.

சின்னதாக மூன்று. தொட்டால் கணக்கு என்பது உடம்பும் உடுத்திய துணியும், பையும் குடையும் கிடையாது. வாட்ஸப் குழுவில் கைமாறியதை அறிவிக்காதீர்கள். தனியே கூப்பிட்டுக் கேட்டால் மட்டும் சொல்லவேண்டும், தட்டிக்கழிக்கக் கூடாது. மற்ற எந்த விதியைக் கைவிட்டாலும் இதைக் கைவிடவேண்டாம், அந்தப் போன் அழைப்புகளுக்காகத்தான் சொல்கிறேன். தொட்டதில் தகராறு வந்தால் தொடப்பட்டவர் சொல்வதே முடிவு.

முதல் வருடம் யார் பிடிக்கிறவர் என்பதற்குச் சீட்டுக் குலுக்காதீர்கள், செயலி எதிலும் போடாதீர்கள். பொங்கலன்று ஏழு பேரும் ஓரிடத்தில் வட்டமாக நின்று சாட் பூட் த்ரீ போடுங்கள். சிங்கப்பூர் விமானம் தாமதமானால் காத்திருங்கள்.